ப்ளோயருக்குள் கிடந்த நல்லமிளகு

என் வண்டியின் டாஷ்போர்டு அறைக்குள் ஒரு சின்ன மாத்திரை டப்பா கிடக்கிறது. திறந்தால் பத்து நல்லமிளகு இருக்கும். கறுப்பு மிளகைத்தான் எங்கள் குமரிப் பக்கத்தில் நல்லமிளகு என்போம். இதைக் குழம்பில் போட முடியாது. தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, இரண்டு மூன்றுக்குத் தோல் உரிந்து வெளுத்தும் போய்விட்டது. முதலில் பதினொன்று இருந்தன. போன மழைக்காலத்தில் தக்கலை ரோட்டில் இருக்கும் ஒரு பட்டறையில், வயரிங் பாய் என்று எல்லோரும் கூப்பிடும் எலக்ட்ரீஷியன் என் வண்டியின் காற்றடிக்கும் ப்ளோயர் பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்து, உள்ளே இருந்து விழுந்த இந்தப் பதினொன்றையும் பொறுக்கி என் உள்ளங்கையில் போட்டார். "என்ன டிரைவரே, வண்டிக்குள்ள ரசம் வைக்கியளா?" என்று கேட்டார். நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் மாமனாரின் மூடிய வலது கை நினைவுக்கு வந்தது. பக்கத்தில் கிடந்த டயரின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நடந்தது விளங்காது. நான் சந்தேகக்காரன். பன்னிரண்டு வருடம் வளைகுடாவில் வண்டி ஓட்டினேன். அங்கே கற்றதா, பிறக்கும்போதே கொண்டுவந்ததா என்று தெரியாது. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு எட்டு நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் ஜாதி. மீன்காரி மீனைப் புரட்டிக் காட்டினால், புரட்டாத பக்கத்தில்தான் என் கண் போகும். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் என் மனைவியின் நகச்சாயத்தை எடுத்துக்கொண்டு போய் பேட்டரியில் ஒரு பொட்டு, ஸ்டெப்னியில் ஒரு பொட்டு, டைனமோவில் ஒரு பொட்டு என்று யாருக்கும் தெரியாமல் வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பேன். நல்ல சாமானை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிடுவார்கள் என்ற பயம். அந்தச் சிவப்புச் சாயம் தீர்ந்துபோகும்போதெல்லாம் என் மனைவி, "எனக்க விரலுல ஒரு நாளு இத நான் பாத்ததில்ல" என்பாள். அவள் சொன்னது உண்மை.

ஊருக்குத் திரும்பி வந்ததும் பழைய ஏழுபேர் வண்டி ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கினேன். முட்டத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. வேளாங்கண்ணி, கொடைக்கானல், மூணாறு என்று குடும்பங்களை ஏற்றிக்கொண்டு போவேன். வண்டியில் ஏ.சி. கிடையாது. ஆனால் ஹீட்டர் உண்டு. கடற்கரையில் ஹீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று பார்த்தவர்கள் எல்லோரும் கேலி செய்தார்கள். குமிழின் சிவப்புப் பக்கம் புத்தம் புதிதாக இருந்தது. முன்னால் வைத்திருந்தவர் ஒரு தடவைகூடத் திருப்பியிருக்க மாட்டார். மலைக்குப் போன பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. மூணாறு ஏற்றத்தில் மழையோடு மஞ்சு, அந்த வெள்ளை மூடுபனி, இறங்கும்போது, உள்ளே இருக்கும் ஏழு பேரின் மூச்சும் சேர்ந்து முன்கண்ணாடி பால் ஊற்றியதுபோல ஆகிவிடும். வெளியே வைப்பர் எவ்வளவு ஆடினாலும் பயனில்லை. ஹீட்டரைத் திருப்பி, ப்ளோயரைப் போட்டு, கண்ணாடியின் அடியில் சூடான காற்று அடித்தால்தான் கண் திறக்கும். ப்ளோயர் ஓடவில்லை என்றால் அந்த ரோட்டில் டிரைவருக்குக் கண்ணில்லை என்று அர்த்தம்.

அப்படிக் கண்ணில்லாமல் போன ஒரு பயணத்தில் என் மாமனார் இருந்தார். வண்டி வாங்கிய புதிதில், மாமனார் வீட்டாரை மூணாறுக்குக் கூட்டிப்போனேன். ப்ளோயரை எதற்குப் போட வேண்டும் என்றே எனக்கு அன்று தெரியாது. ஏற்றத்தில் கண்ணாடி மூடிக்கொண்டது. நான் ஒரு கையால் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டி ஓட்டினேன். ஒரு வளைவில் மஞ்சுக்குள்ளிருந்து பஸ் ஒன்று சுவர் மாதிரி எழுந்து வந்தது. எப்படி ஒடித்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது. பக்கத்து சீட்டில் இருந்த மாமனார் ஒரு சத்தமும் போடவில்லை. நாற்பது வருடம் வள்ளத்தில் கடலுக்குப் போனவர். காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்தே நாளைய வானிலையைச் சொல்லக்கூடியவர். அன்று அவருடைய விரல்கள் சீட்டின் ஓரத்தில் பதிந்திருந்ததைப் பார்த்தேன். மேலே போய்ச் சேர்ந்து எல்லோரும் தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் வண்டியின் முன்னால் வந்து, வைப்பருக்குக் கீழே கண்ணாடி பானட்டோடு சேரும் இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரே பேச்சுதான். "மலைக்குப் போவாண்டாம் மக்கா. வேளாங்கண்ணிக்குப் போ, மதுரைக்குப் போ, தட்டையான ரோடு எவ்வளவோ கெடக்கு. மஞ்சுக்குள்ள என்னத்துக்கு?" என்பார். அவருடைய பழைய கூட்டாளி ஒருவர் ஐஸ் வண்டி ஓட்ட ஆள் தேடுகிறார் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கடலில் உயிரைப் பணயம் வைத்தவர் எனக்குப் புத்தி சொல்கிறாரே என்று இருந்தது. மருமகன் சுயமாக வண்டி வைத்து ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை, தன் கூட்டாளியின் கீழே வேலைக்கு நிறுத்தப் பார்க்கிறார் என்று எனக்குள் கணக்குப் போட்டேன். என் கணக்குகள் எப்போதும் ஆளைக் கீழே இறக்கித்தான் முடியும்.

முதல் தடவை ப்ளோயர் நின்றது ஒரு கொடைக்கானல் பயணத்துக்கு முந்தின நாள் மாலை. வண்டியைக் கழுவிவிட்டு எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்றில் ப்ளோயர் சத்தமே இல்லை. நாலில் மட்டும் முழு வேகத்தில் ஊளையிட்டது. தக்கலைக்கு ஓட்டிப் போனேன். வயரிங் பாயை அந்த ரோட்டில் ஓடும் எல்லா டிரைவர்களுக்கும் தெரியும். குள்ளமான மனிதர், காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு வயர்த் துண்டு. பியூஸைப் பார்த்தார், ரிலேயைத் தட்டிப் பார்த்தார். பிறகு இடதுபக்க டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். நாலில் விளக்கு எரிந்தது, மற்றவற்றில் எரியவில்லை. "ரெசிஸ்டர் போச்சு டிரைவரே. காத்தக் கூட்டிக் குறைக்குற சாமான் அது" என்று சொல்லி, கருகிப்போன சின்னக் கம்பிச்சுருள் ஒன்றை வெளியே எடுத்துக் காட்டினார். அதன் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். "உப்புல்லா புடிச்சிருக்கு? வண்டியக் கடக்கரையிலயா நிறுத்துதிய?" என்றார். இல்லை, வீட்டுக்குள் ஷெட்டில்தான் என்றேன். கடல் காற்று எங்கே வேண்டுமானாலும் வரும் என்றார். புது ரெசிஸ்டரை மாட்டினார். நான்கும் ஓடியது. கொடைக்கானலுக்குப் போய் வந்தேன்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மூணாறு ஏற்றத்திலேயே அது மறுபடி நின்றது. துணியால் துடைத்துத் துடைத்து, ஏற்றிக்கொண்டு போனவர்களின் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே இறங்கி வந்தேன். எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஒரு சாமான் இரண்டு மாதத்தில் போகுமா? பாய் எங்கிருந்தோ கழற்றிய பழையதைத் துடைத்து மாட்டியிருக்கிறார். கடல் காற்று, உப்பு என்று முதலிலேயே ஒரு காரணத்தையும் சொல்லி வைத்திருக்கிறார். இந்தத் தடவை அவர் புது ரெசிஸ்டரைக் கவரிலிருந்து பிரிக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். அவர் ஸ்குரூ டிரைவர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அதன் முதுகில் நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்தேன். மின்சாரம் வரும் கனெக்டரும் பச்சை பூத்துப் போயிருக்கிறது என்று அதையும் மாற்றினார். "டிரைவரே, உங்க ஷெட்டுல சரியில்லாத்த ஏதோ ஒண்ணு இருக்கு. கடக்காத்து இப்பிடி ஒரே எடத்தப் பாத்து அடிக்காது" என்றார். அப்போது நான் அதைக் காதில் வாங்கவில்லை. திருடன் வீட்டுக்காரனையே குறை சொல்கிறான் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது தடவை, மூணாறு பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு, நான்கு எண்ணிலும் ப்ளோயர் செத்துக் கிடந்தது. பாய் லேம்ப்பை வைத்தார், விளக்கு நன்றாக எரிந்தது. கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை. ஸ்குரூ டிரைவரின் பிடியால் ப்ளோயர் பெட்டியின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினார். திடீரென்று ஓடத் தொடங்கியது. உள்ளே கடகடவென்று ஒரு சின்னச் சத்தம். பாய் காதை வைத்துக் கேட்டார். "உள்ள என்னமோ கெடந்து உருளுது. ஒரு நாள் விட்டுட்டுப் போங்க, பெட்டியக் கழத்திப் பாத்துருவோம்" என்றார். அந்த நேரத்தில் என் வாயில் சனி இருந்தது. "விட்டுட்டுப் போனா உள்ள உள்ளது எல்லாம் அப்பிடியே இருக்குமா பாய்?" என்று கேட்டேன். பட்டறையில் வேறு நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். பாயின் முகம் இறுகியது. வாயிலிருந்த வயர்த் துண்டை எடுத்துக் கீழே போட்டார். "அப்போ கொண்டு போங்க டிரைவரே. எனக்க கையில நம்பிக்கை இல்லாத்தவரு வண்டிய நான் தொடுறதில்ல" என்றார். நானும் வீம்பாக வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்று அந்தப் பெட்டியைக் கழற்ற விட்டிருந்தால், இதை எழுத வேண்டிய தேவையே எனக்கு வந்திருக்காது.

வீட்டுக்கு ஓட்டி வரும் வழியில் என் புத்தி வேறு பக்கம் திரும்பியது. மூன்று தடவை கெட்டிருக்கிறது. மூன்றும் மலைப் பயணத்தை ஒட்டித்தான். ஒவ்வொரு தடவையும் கேட்டதும் மாமனார், "நல்லதாப் போச்சு, போவாண்டாம்" என்றிருக்கிறார். மலைப் பயணம் என்றைக்கு என்று என் மனைவி வழியாக அவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான். விடிகாலையில் மாதா கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்து உள்ளே வருவார், தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். இவ்வளவையும் சேர்த்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. நான் மலைப் பயணத்துக்கு மட்டும்தான் ப்ளோயரைப் போட்டுப் பார்க்கிறேன், அதனால் கோளாறும் அப்போதுதான் கண்ணில் படும் என்ற எளிய விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. சந்தேகம் பிடித்தவனுக்கு வேண்டாத கணக்கு எதுவும் மனதில் நிற்காது.

பயணத்தன்று விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் நின்றேன். கேட் திறந்தது. மாமனார்தான். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. வீட்டுப் படியேறாமல் நேரே ஷெட்டுக்குப் போனார். ஒரு தடவை திரும்பி வீட்டைப் பார்த்தார். பிறகு வண்டியின் முன்னால் போய், வைப்பருக்குக் கீழே இருக்கும் கிராதியின் மேல் வலது கையை நீட்டினார். வெளிக்காற்று ப்ளோயருக்குள் போகும் வாய் அதுதான். எனக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று ஓடினேன்.

"மாமா, எனக்க வண்டியில என்ன செய்யிய?"

அவர் திடுக்கிட்டுக் கையை இழுத்து மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல மக்கா" என்றார்.

"ஒண்ணுமில்லன்னா கை என்னத்துக்கு அங்க போச்சு? நான் மலைக்குப் போகக்கூடாது, அதுக்குத்தானே ஒவ்வொரு மட்டமும் இதக் கெடுத்துப் போடுதிய? எனக்க பொழப்புல கை வைக்காதீங்க மாமா, சொல்லிட்டேன்."

என் குரல் தெருவுக்குக் கேட்டிருக்கும். மனைவி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே வெளியே வந்தாள். மாமனார் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு அது விளங்கியிருக்கும். வள்ளம் கரைக்கு வர வேண்டிய நேரம் தப்பிப்போனால் கடலைப் பார்த்து நிற்பார்கள் அல்லவா, அதுபோலப் பார்த்தார். மூடிய கையைத் திறக்காமலே கேட்டைத் தாண்டிப் போனார். அன்று மூணாறில் கடும் மஞ்சு. ப்ளோயர் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. உள்ளே மட்டும் அந்தக் கடகடச் சத்தம் இருந்தது.

அதற்குப் பிறகு ப்ளோயர் கெடவே இல்லை. நாலு வருடம். இதைத்தான் நான் தீர்ப்பாக எடுத்துக்கொண்டேன். "பாத்தியா, அன்னைக்கு ஒரு சத்தம் போட்டதுக்குப் பொறவு ஒரு கோளாறு உண்டா?" என்று என் மனைவியிடம் வெற்றிக் களிப்போடு கேட்பேன். அவள் கையில் இருக்கும் வேலையை இன்னும் கொஞ்சம் வேகமாகச் செய்வாள். மாமனார் எங்கள் கேட்டுக்குள் அதன்பின் வரவே இல்லை. பேத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் தெருவில் நின்று கூப்பிடுவார். அவருக்கு நெஞ்சு வலி வந்து நாகர்கோவிலில் காட்ட வேண்டியிருந்தபோது, வண்டியை வாசலில் கொண்டு நிறுத்தினேன். "வேண்டாம் மக்கா, பஸ்ஸு உண்டு" என்று நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனார். அதையும் நான் குற்றமுள்ள நெஞ்சின் குறுகுறுப்பு என்றுதான் எடுத்துக்கொண்டேன். நான் மலைக்குக் கிளம்பும் விடிகாலைகளில் அவர் ரோட்டு வளைவில், மாதா சொரூபம் இருக்கும் சின்னக் குருசடிக்குப் பக்கத்தில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நான் எத்தனை மணிக்குப் போகிறேன், யாரை ஏற்றிக்கொண்டு போகிறேன் என்று வேவு பார்க்கிறார் என்று நினைத்தேன். ஹாரன்கூட அடிக்காமல் அவரைத் தாண்டிப் போவேன். இரண்டு வருடத்துக்கு முன் அவர் இறந்தார். அடக்கத்துக்கு நான் எல்லா வேலையும் ஓடி ஓடிச் செய்தேன், ஊர் மெச்சியது. ஆனால் அழுகை வரவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

போன மழைக்காலத்தில் ப்ளோயர் மறுபடி நின்றது. இரண்டு பட்டறைகளில் பெட்டியோடு மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். கழற்றிப் பார்க்கக்கூட அவர்களுக்கு மனமில்லை. வேறு வழியில்லாமல், வெட்கத்தை விட்டு, தக்கலைக்குப் போனேன். வயரிங் பாய்க்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "இன்னைக்கு விட்டுட்டுப் போவீங்களா, இல்ல காவலுக்கு நிப்பீங்களா?" என்று கேட்டார். விட்டுவிட்டுப் போகிறேன் என்றேன். "சாரமில்ல, பரவாயில்ல, இருங்க" என்றார். டாஷ்போர்டின் கீழ்ப்பகுதியை இறக்கி, பெட்டியைக் கழற்றினார். முதலில் கையில் வந்தது ரெசிஸ்டர். அதன் முதுகில் சிவப்புப் பொட்டு அப்படியே இருந்தது. அவர் அதை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இது என்னதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும் டிரைவரே. எனக்க வீட்டுக்காரியும் இதே நிறந்தான் போடுவா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். சருகும், கரப்பான் இறக்கையும், அவற்றோடு நல்லமிளகும் விழுந்தன. ஒன்று விசிறிக்கும் சுவருக்கும் நடுவே போய் இறுகி நின்றதால்தான் மோட்டார் சுற்றவில்லை. அன்று தட்டியவுடன் ஓடியதும் அதனால்தான். அடியில் கல்லாகப் படிந்திருந்த வெள்ளையை அவர் மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு. உப்பும் மிளகும். எங்கள் கடற்கரையில் பிறந்த யாருக்கும் இதற்கு மேல் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. கோயில் திருவிழாவில் உப்பும் மிளகும் வாங்கிப் புனிதரின் பாதத்தில் காணிக்கையாகக் கொட்டுவோம். மந்திரித்ததில் ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து காகிதத்தில் மடித்து வைப்போம். வள்ளம் கடலில் இறங்கும் முன் அதில் ஒரு துள்ளி எடுத்து வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், தூவுவார்கள். நாற்பது வருடம் அப்படித் தூவியவர் என் மாமனார். மஞ்சுக்குள் என் கண் குருடாகிப்போன இடம் எது என்று மூணாறிலேயே தடவிப் பார்த்து வைத்துக்கொண்டார். என் வண்டிக்கு அணியம் அந்தக் கண்ணாடியின் அடிதான் என்று முடிவு செய்துவிட்டார். நான் கண் தெரிந்து ஓட்ட வேண்டும் என்று போட்ட உப்புதான் கண் திறக்கும் யந்திரத்தை அரித்துத் தின்றது. அது அவருக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்து மிளகை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு மனைவியின் முன்னால் வைத்தேன். அவள் எழுந்துபோய் அவளுடைய அம்மாவைக் கேட்டுவிட்டு வந்தாள். சொல்லிவிட்டுப் போட்டால் பலிக்காது என்பது மாமனாருடைய நம்பிக்கை. அதனால்தான் அன்று வாயைத் திறக்கவில்லை. என் மாமியாரிடம்கூட மறுநாள்தான் சொன்னாராம், மகளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டு. "கேட்டுக்குள்ள போகாண்டாம்னு ஆனதுக்குப் பொறவு அப்பா ரோட்டு வளைவுல போய்ப் போட்டுட்டு நிப்பாராம். உங்க வண்டிச் சக்கரம் அதுக்க மேல ஏறிப் போனா போதும்னு சொல்லுவாராம்" என்றாள் என் மனைவி. சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. அவர் இருந்தவரை நான் ஹாரன் அடிக்காமல் ஏறிப்போனது அந்த உப்பின் மேல்தான். அடக்கத்தில் வராத அழுகை அன்று மாத்திரை டப்பாவின் முன்னால் வந்தது. குளிமுறிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அப்போதும் வெளியே யாராவது கேட்டுக்கொண்டு நிற்கிறார்களோ என்று ஒரு சந்தேகம் இருந்தது. பிறவிக் குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடாது.

என் மகள் இப்போது திருவனந்தபுரத்தில் வேலைக்குப் போகிறாள். ஒரு சின்னக் கார் வாங்கி, தினமும் விடிகாலையில் தானே ஓட்டிப் போகிறாள். அந்த ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். வேண்டாம், பஸ்ஸில் போ என்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். என் மாமனார் எனக்குச் சொன்ன அதே குரலில்தான் சொல்கிறேன் என்பது சொல்லி முடித்த பிறகுதான் உறைக்கும். போன திங்கட்கிழமை விடிகாலை, கோயிலில் மந்திரித்த உப்பில் ஒரு துள்ளியும், டப்பாவிலிருந்து ஒரு மிளகையும் எடுத்துக்கொண்டு போய் அவளுடைய காரின் முன்சக்கரத்துக்கு முன்னால் குந்தினேன். கண்ணாடிக்குக் கீழே போட எனக்குத் துணிவில்லை. பாய் அடிக்கவே வருவார். கையை நீட்டும்போது பின்னால் கதவு திறந்தது.

"அப்பா, எனக்க வண்டியில என்ன செய்யிய?"

நான் திடுக்கிட்டுக் கையை மூடிக்கொண்டேன். "ஒண்ணுமில்ல மக்களே" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு என்னையும் சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். என் மகள் அல்லவா, கண்ணில் என் சந்தேகம் அப்படியே இருந்தது. "கிலோமீட்டர் பாத்து எங்க எல்லாம் போனேன்னு கணக்கெடுக்கியளா? இல்ல சிவப்புப் பொட்டு வைக்கியளா?" என்றாள். என்ன சொல்லியிருக்க முடியும்? நீ உயிரோடு திரும்பி வர வேண்டுமே என்று எனக்குப் பயமாக இருக்கிறது என்று ஒரு தகப்பன் குந்தியிருந்தபடி மகளிடம் எப்படிச் சொல்வான்? என் மாமனாரின் வாயை அடைத்தது நம்பிக்கை மட்டுமல்ல என்று அந்த விடிகாலையில் எனக்குத் தெரிந்தது. அவள் கிட்ட வந்து எனக்கு எதிரே குந்தினாள்.

"கையத் தொறங்க பாப்போம்" என்றாள்.

திறந்தேன். உப்பு வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது, நடுவில் அந்தப் பழைய மிளகு. அவளுக்கு எல்லாக் கதையும் தெரியும். "இதுக்க மேல ஏத்திட்டுப் போகணுமா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். "அப்போ போடுங்க" என்று எழுந்து போய் காரில் ஏறினாள். நான் தூவினேன். அவள் மெதுவாக, ஒரு பக்கமும் விலகாமல், அதன் மேல் ஏற்றிக்கொண்டு போனாள்.

டப்பாவில் இப்போது பத்து இருக்கின்றன. மழையில் கண்ணாடி மூடும்போது ப்ளோயரைப் போடுகிறேன். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை, சுத்தமாக ஓடுகிறது. என் மகளிடம் கேள்வியும் இருந்தது, சந்தேகமும் இருந்தது, என்னிடம் இருந்த அதே அளவுக்கு. ஆனால் மூடிய கையைத் திறந்து காட்டச் சொல்ல அவளுக்குத் தோன்றியது. எனக்கு அன்று தோன்றவில்லை.